படுக்கையில் விழுந்தவரை அளப்பது யார்?

நமது ஜொகூர்த் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நாற்பது, ஐம்பது வருஷம் பால்மரம் சீவிய கிழவி ஒருத்தி பக்கவாதம் தாக்கிக் கட்டிலோடு கிடக்கிறாள். உதவித் தொகைக்கு மனுப்போட்டாயிற்று. பட்டணத்திலிருந்து சமூகநல இலாகா அதிகாரி வரப்போகிறார் என்றதும் வீடு கழுவித் துடைக்கப்படுகிறது. பாட்டிக்கும் தலை சீவி, நல்ல சேலை கட்டி, தலையணையில் சாய்த்து வைத்தாயிற்று. அதிகாரி மலாயில் கேட்கிறார்: "தானே சாப்பிட முடியுமா?" பாட்டி பொக்கை வாயைத் திறந்து, "போலே" என்கிறாள். "எழுந்து உட்கார முடியுமா?" "போலே துவான், போலே."

நேற்று ராத்திரி மூன்று தரம் அவளைத் தூக்கி உட்கார வைத்துத் துணி மாற்றிய மகள் கதவோரம் நிற்கிறாள். வந்தவர் முன்னால் பெற்ற தாயைப் பொய்க்காரி ஆக்குவதா? பேசாமல் இருந்து விடுகிறாள். தாளில் "முடியும்" என்று பதிவாகி விடுகிறது.

இதில் அதிகாரியை நாம் குற்றஞ்சொல்ல வரவில்லை. கேட்டார், பதில் வந்தது, எழுதினார். நாம் எழுப்புவது வேறு கேள்வி. ஒரு மனிதருக்கு அன்றாடம் எவ்வளவு துணை வேண்டும் என்பதை அளப்பது ஒரு தனித் தொழில் அல்லவா? அதற்கென்று படித்தவர், பயிற்சி பெற்றவர் வேண்டாமா?

தோட்டத்தில் உடம்பை அளப்பது என்றால் எப்போதும் ஒரே அளவுகோல்தான். பிரட்டுக்கு வர முடியுமா, முடியாதா? அந்தக் காலத்து டிரஸ்ஸர் ஐயா நாடி பார்த்ததும் அதற்குத்தான். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த சொக்சோவும் வேலையைக் கொண்டே அளக்கிறது. கை போனால் இத்தனை சதவீதம், விரல் போனால் இத்தனை சதவீதம் என்று சட்டத்திலேயே அட்டவணை இருக்கிறது. இயலாமைப் பென்ஷனுக்கும், நல்ல உடம்புள்ளவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சம்பாதிக்க முடியாதவரா என்பதே கேள்வி. தப்பில்லை, அது தொழிலாளர் காப்புறுதி. ஆனால் வேலையை விட்டு இருபது வருஷம் ஆன பாட்டியை அந்தக் கோலால் எப்படி அளப்பது?

சொக்சோவில் ஒரு நல்ல அம்சம் உண்டு, நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. முழுதாக முடங்கி, எந்நேரமும் இன்னொருவர் துணை வேண்டும் என்று மருத்துவர் வாரியம் சான்று கொடுத்தால், பென்ஷனுக்கு மேல் மாதம் 500 வெள்ளி பராமரிப்பு அலவன்ஸ் உண்டு. வாரியத்தின் முடிவு சரியில்லை என்று பட்டால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கடிதத்தை அலமாரியில் சொருகிவிட்டு நாலு மாசம் கழித்துச் சங்கத்துக்கு ஓடி வந்தால் யார் என்ன செய்ய முடியும்?

சொக்சோவுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சமூகநல இலாகாவின் படுத்த படுக்கையானோர் பராமரிப்பு உதவி இருக்கிறது. அரசாங்க டாக்டர் நோயைச் சான்று செய்வார், இலாகா அதிகாரி குடும்ப வருமானத்தைப் பார்ப்பார். நோய்க்கு ஒருவர், வறுமைக்கு ஒருவர். நடுவில் கிடக்கும் இருபத்து நான்கு மணி நேரத்தைப் பார்ப்பவர் யாருமில்லை!

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரைப் பாருங்கள். 2020இல் தொடங்கிய கேர்ஷீல்டு லைப் திட்டத்தில் ஆறு காரியங்களை வைத்து அளக்கிறார்கள். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறை போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இவற்றில் மூன்றைத் தானே செய்ய முடியாவிட்டால் மாதத் தொகை உண்டு. அளப்பவர் சுகாதார அமைச்சின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். வீட்டுக்கே வந்தும் பார்ப்பார். ஆனால் இது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். விடிகாலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் கடக்கும் நம்ம பையன்களின் தாய் தகப்பனுக்கு அதில் பங்கில்லை.

ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கே முதியோர் பராமரிப்புக் காப்புறுதி அமலுக்கு வந்தது. மனுப்போட்டால் நகராட்சியின் ஆள் வீடு தேடி வருவார். அல்லது நகராட்சி அமர்த்திய பராமரிப்பு மேலாளர் வருவார். பின்னவர் நர்ஸாகவோ பராமரிப்பு ஊழியராகவோ குறைந்தது ஐந்து வருஷம் வேலை பார்த்துப் பரீட்சையில் தேறியவர். யார் வந்தாலும் இந்த அளவெடுப்புக்கென்று பயிற்சி முடித்திருக்க வேண்டும். கேள்விகள் 74. கட்டத்தில் குறிபோடுவதோடு வேலை முடியாது. "பகலில் நடக்கிறார், ராத்திரியில் இடந்தெரியாமல் தடுமாறுகிறார்" என்பது போன்ற விவரங்களைத் தனியே எழுதியாக வேண்டும். முடிவு செய்வதோ அவரல்ல. அந்தக் குறிப்பையும் டாக்டரின் கருத்தையும் வைத்துக்கொண்டு ஒரு குழு ஏழு படிகளில் எதுவென்று தீர்மானிக்கும். பார்ப்பவர் வேறு, தீர்ப்பவர் வேறு. நமக்குப் பிடித்தது இதுதான். முகத்தாட்சண்யத்துக்கும் சிபாரிசுக்கும் அங்கே இடம் குறைவு.

2030க்குள் மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 15 சதவீதத்தை எட்டுவார்கள் என்று அரசாங்கமே சொல்லி வருகிறது. அப்படியானால் அளப்பவர்களை இப்போதே தயார் செய்ய வேண்டாமா? ஆஸ்பத்திரி உதவியாளராகவும் நர்ஸாகவும் இருந்து ஓய்வு பெற்ற தமிழர்கள் ஜொகூரில் இல்லாமலில்லை. பயிற்சி கொடுத்தால் பாட்டியின் "போலே"க்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குச் சட்டெனப் புரியும். "முடியுமா" என்று கேட்காமல், "நேத்து யாரும்மா சோறு ஊட்டுனது?" என்று கேட்பார்கள்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையல்ல. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. தாயைப் பார்க்க வேலையை விட்ட மகள் ஒவ்வொரு மாதமும் அதை இழக்கிறாள். உதவித் தொகையும் தவறான ஒரு குறியால் தட்டிப் போனால், ஆறு மாசத்தில் அவளும் படுத்துக் கொள்வாள்.

திட்டம் வரும்வரை நமது குடும்பங்கள் ஒன்று செய்யலாம். அதிகாரி வருமுன் ஒரு வாரம் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வையுங்கள். ராத்திரி எத்தனை தரம் தூக்கினோம், யார் ஊட்டினார், எத்தனை தரம் துணி மாற்றினோம், எந்த நாள் விழுந்தார். ஆஸ்பத்திரிக் கார்டையும் மருந்துப் பையையும் பக்கத்தில் வையுங்கள். வீட்டை அன்றைக்கென்று ஜோடிக்க வேண்டாம். பாட்டி முன்னால் சொல்லக் கூச்சமாயிருந்தால் அதிகாரியை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மலாய் சரளமாக வராவிட்டால் படித்த பிள்ளை ஒன்றை அன்று வீட்டில் நிறுத்திக் கொள்ளுங்கள்.