தாதிக்கு நாம் பட்ட கடன்

மனிதன் பிறக்கும்பொழுது உடனிருந்த மருத்துவச்சிக்கு வெற்றிலை பாக்கும் புடவையும் கொடுத்தனுப்புவது நம் நாட்டு வழக்கமாக இருந்தது. அவன் இறக்கும்பொழுது உடனிருப்பவருக்கு நாம் செய்யும் மரியாதை யாது? முன்னாளில் அவ்விடத்தில் வீட்டு மக்களே இருந்தனர். இந்நாளில் முதியோர் பலருடைய அந்திமகாலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிகிறது. அருகில் நிற்பவர் தாதியே.

ஜில்லா ஆஸ்பத்திரி ஒன்றில் தம் பாட்டியார் உயிர் நீத்த இரவைப் பற்றி அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர்கள் கூறிவிட்ட பிறகும், அந்த வார்டின் தாதி செய்வதற்கு எத்தனையோ இருந்தனவாம். உறவினர் வாயில் பால் ஊற்ற முற்பட்டபொழுது, விழுங்கும் சக்தி போனபின் அது மூச்சுக்குழலில் இறங்கித் திணறச் செய்யும் என்று மெல்ல எடுத்துரைத்து, நனைத்த பஞ்சால் உதடுகளை ஈரமாக்கினார். ஆகாரம் செல்லவில்லையே என்று அழுதவர்களிடம், உடல் ஓயும் காலத்தில் பசியும் அடங்கிவிடும் என்றார். தொண்டையில் எழுந்த கரகரப்பைக் கேட்டுக் குடும்பத்தார் நடுங்க, பாட்டியாரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். செவி கடைசிவரையில் கேட்கக்கூடும், பேசிக்கொண்டிருங்கள் என்று பேரனைக் கட்டிலருகே அமர்த்தினார். நன்றி கூறத் தேடியபொழுது அவர் வேறொரு கட்டிலுக்குப் போய்விட்டாராம்.

இவையெல்லாம் இளகிய மனம் ஒன்றினால் மட்டும் வருவனவல்ல. பயின்று பெற்ற வித்தை. லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டபர் ஹாஸ்பிஸை நிறுவிய ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார் முதலில் தாதியாகப் பயின்று, பின்னரே வைத்தியரானவர். கோழிக்கோட்டில் 1993-இல் இவ்வித்தைக்கென ஒரு சங்கம் தோன்றியது. 2008-இல் கேரள சர்க்கார் அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும், வீடு தேடிச் சென்று வலி தணிக்கும் சேவை இடம் பெற்றது. இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் இவ்வித்தையைக் கைக்கொண்டோருக்கு நாம் அளித்தது என்ன? 2015-இல் தமிழ்நாட்டு சர்க்கார் ஆயிரக்கணக்கான தாதியரை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. 2017 நவம்பரில் அவர்கள் பணி நிரந்தரம் கோரிச் சென்னையில் திரள நேர்ந்தது. பிற்பாடு ஊதியம் உயர்ந்ததாயினும், வீதிக்கு வந்து கேட்டபின்தானே! தனியார் ஆஸ்பத்திரிகளைக் குறித்து, 2016-இல் சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவால் அமைந்த கமிட்டி, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று சிபார்சு செய்தது. அதை நிறைவேற்றும் பொறுப்பு ராஜ்ய சர்க்கார்களிடம் விடப்பட்டது.

சேவைக்கு விலை பேசலாமா என்பார் சிலர். நாம் அவர்களைக் கேட்கிறோம்: வைத்தியரின் சேவைக்கு விலை பேசத் தயங்காதவர்கள் தாதியிடம் மட்டும் தியாகத்தை எதிர்பார்ப்பதேன்? உடலைத் தொட்டு, மலமும் சீழும் துடைக்கும் வேலை தாழ்ந்தது என்னும் பழைய எண்ணம் நம் நெஞ்சில் இன்னும் குடியிருப்பதே காரணம். சேவாகிராமத்தில் குஷ்டரோகியான பர்ச்சுரே சாஸ்திரியின் புண்களைக் காந்தியடிகள் தம் கையாலேயே கழுவினார். அந்த மகானைத் தேசபிதா என்று போற்றிக்கொண்டே அவர் உவந்து செய்த வேலையை இழிவாக எண்ணுவது நமக்கு அழகன்று. வளர்த்த தாயைச் செவிலி என்று அழைத்த தமிழ் மக்கள், அப்பெயரையே இவர்களுக்குச் சூட்டியிருக்கிறோம். பெயரில் தாய், கூலியில் வேலைக்காரி என்பது என்ன நியாயம்?

ஆண்டுதோறும் மே 12-ஆம் தேதி பூச்செண்டு கொடுத்துவிட்டு, மறுநாளே மறந்துவிடுவது நன்றியாகாது. நிரந்தரப் பணி, வாழ்வதற்குப் போதுமான ஊதியம், இறப்போர் அருகில் சிறிது நேரம் நிற்கும்படி இரவு வார்டில் போதிய தாதியர், அந்திமகாலப் பணிவிடையில் யாவருக்கும் பயிற்சி: இவையே தக்க கைம்மாறு. நோயாளியின் வீட்டாரும் அவர்களை அதட்டி அழைப்பதை விட்டொழிக்க வேண்டும். இவற்றைச் சர்க்கார் தாமதமின்றிச் செய்க. செய்யும்வரையில் பொதுஜனங்கள் இடைவிடாது வற்புறுத்துக.