படம் முடிந்த பிறகான வேலை

ரெட்டியார்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், அடுத்தடுத்த இரண்டு மாலைகளில், ஒரு ஜெர்மன் ஆவணப்படம் பார்த்தோம். மரியா ஷ்பெத் இயக்கிய 'பாக்மன் வாத்தியாரும் அவர் வகுப்பும்'. 2021 பெர்லின் விழாவில் நடுவர் பரிசாக வெள்ளிக் கரடி வாங்கிய படம். ஓட்டம் 217 நிமிடம். ஒரே மூச்சில் காட்டினால் திண்டுக்கல்லுக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். சப்டைட்டில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. நண்பர் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று, எழுத்து வர வரத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். மௌனப்படக் காலத்தில் கொட்டகைகளில் கதைசொல்லிகள் இப்படித்தான் நின்றார்கள். இரண்டாம் நாள் இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

படம் நடப்பது ஸ்டாட்டாலெண்டோர்ஃப் என்ற தொழிற்சாலை ஊரில். பிழைப்புக்காகப் பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓய்வுபெறப் போகும் ஆசிரியர் ஒருவர் கிதாரும் கையுமாக அவர்களோடு பேசுகிறார், பாடுகிறார், மார்க் போடுவதற்குத் தயங்குகிறார். அவ்வளவுதான் கதை. நாங்கள் எதிர்பார்த்தது பாதிக் கூட்டம் எழுந்து போகும் என்று. சிலர் போனார்கள்தான். ஆனால் முடிந்ததும் பூப்பறிப்பு வேலைக்குப் போகும் ஒரு அம்மா கேட்டார்: "அந்த வாத்தியாரு ரிட்டையர் ஆயிட்டா அந்தப் புள்ளைகள யாருப்பா பாப்பாக?"

பெர்லினில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி பழனி சாலையில் கேட்கப்பட்டது. அந்தப் படம் அங்கிருந்து இங்கே எப்படி வந்தது என்பதைத் தொழில்காரர்களாகிய நாம் யோசிக்க வேண்டும். நல்ல படம் என்பதால் தானாக வந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். நல்ல படங்கள் நம் அலமாரிகளிலும் இருக்கின்றன.

இதே ஊரிலிருந்து ஓர் உதாரணம். ரெட்டியார்சத்திரத்தில் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. நிழல்வலைக் குடிலில் குழித்தட்டு நாற்று வளர்ப்பது, சொட்டு நீரில் உரம் கொடுப்பது எல்லாம் நல்ல முறைகள்தான். ஆனால் நல்ல முறை என்பதற்காக அவை கடல் தாண்டி நடந்து வரவில்லை. ஒப்பந்தம் போட்டார்கள், குடில் கட்டினார்கள், வந்து பார்த்த விவசாயிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நாற்றையும் கையில் கொடுத்தார்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தனி வேலையாக யாரோ எடுத்துச் செய்தார்கள்.

ஜெர்மன்காரர்கள் படத்துக்கும் இதையே செய்தார்கள், அதுவும் சீக்கிரமே. 1954இல், போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத நிலையில், ஜெர்மன் படங்களை வெளிநாட்டில் விற்பதற்கென்று 'எக்ஸ்போர்ட் யூனியன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2004இல் அதன் பெயர் 'ஜெர்மன் ஃபிலிம்ஸ்' ஆனது. மியூனிக்கிலிருந்து இன்றும் இயங்குகிறது. அதே 1954இல் ஓபர்ஹவுசனில் குறும்பட விழா. மறு ஆண்டு கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் ஆவணப்பட விழா. அந்தக் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இன்று இல்லை, விழா இருக்கிறது. 1980இல் ஆவணப்படக்காரர்கள் தாங்களே கூடி 'ஏஜி டோக்' என்ற சங்கம் அமைத்தார்கள். 'ஜெர்மன் டாக்குமென்டரிஸ்' என்ற பெயரில் தங்கள் படங்களைத் தொகுத்துப் பட்டியலிட்டு வெளிநாட்டுச் சந்தைகளில் முன்வைப்பது அந்தச் சங்கத்தின் வேலைகளில் ஒன்று. அரசு செய்யவில்லையே என்று புலம்பும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசித் தகவலைத்தான். பட்டியல் போடுவதற்கு அரசாணை தேவையில்லை.

இதை வாசிக்கும் போதே சிலருக்குக் கோபம் வரும். அவர்களிடம் காசு இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, 1992 முதல் பிரான்சோடு சேர்ந்து நடத்தும் 'ஆர்ட்டே' இருக்கிறது என்பீர்கள். உண்மை. ஆனால் உலகத்துக்கு ஆவணப்படம் கொண்டுபோகும் ஆசை நமக்கு அவர்களைப் பார்த்து வந்ததல்ல. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியாரை நினைத்துப் பாருங்கள். 1937 அக்டோபர் 2, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் யோசனை அவருக்கு வருகிறது. அப்போது வயது 25. லட்சம் மைல் சுற்றி, நாடு நாடாகச் சிதறிக் கிடந்த சுருள்களைத் தேடி 50,000 அடி சேர்த்தார். 1940இல் சென்னையில் படம் தமிழ் விவரணையோடு வெளியானது. பிறகு தெலுங்கு, 1947இல் இந்தி, 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலம். பன்மொழிப் பதிப்பு, வெளிநாட்டு வெளியீடு என்று நாம் இன்று கருத்தரங்குகளில் பேசுவதையெல்லாம் அந்த மனிதர் ஒற்றை ஆளாகச் செய்து முடித்தார்.

அவருக்குப் பின்னால் ஓர் அமைப்பு இல்லை. அதன் விலையை நாம் கொடுத்தோம். முழு வடிவத் தமிழ்ப் படம் நமக்குக் கிடைக்கவில்லை. வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டெடுத்தது அமெரிக்காவில் தங்கிவிட்ட சுருக்கமான ஆங்கிலப் படியைத்தான். வெளியே போன படிதான் பிழைத்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சர்வதேசப் பார்வையாளர் என்றாலே பரிசு, சிவப்புக் கம்பளம் என்று நினைக்கிறோம். சில நேரம் படத்தின் உயிரைக் காப்பதே அந்தத் தூரத்து அலமாரிதான்.

இந்தத் துறைக்கென்று இந்தியாவில் முதலில் பத்திரிகை நடத்தியவர்களில் ஒருவர் ஜெர்மானியர் என்பதும் இங்கே சொல்லத் தகும். பால் ஜில்ஸ் போர்க்காலத்தில் கைதியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். விடுதலையான பின் பம்பாயில் தங்கி ஆவணப்படங்கள் எடுத்தார். 1949இல் 'இந்தியன் டாக்குமென்டரி' இதழைத் தொடங்கினார். அவரோடு வேலை செய்த ஃபாலி பிலிமோரியாவின் படம் ஒன்று பின்னாளில் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. நம் இதழ் போன்றவற்றுக்கு அவர் ஒரு வகையில் பாட்டனார்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். நம்மில் பலருக்குப் படம் என்பது ஃபைனல் மிக்ஸோடு முடிந்துவிடுகிறது. ஒலிக்கலவை முடிந்த இரவு பிரியாணி, மறுநாளிலிருந்து கடன் வசூல்காரருக்குப் பதில் சொல்லும் வேலை. சப்டைட்டில் என்பது விழாவுக்கு அனுப்பக் கடைசி நாளுக்கு முந்தைய ராத்திரி, ஆங்கிலம் தெரிந்த மச்சானைப் பிடித்து உட்காரவைத்துச் செய்வது. என் கணக்கில் நம் படங்கள் எல்லையில் இறப்பது இந்த ராத்திரியில்தான்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்து மானாவாரிக் காடு ஒன்றில் நாங்கள் எடுத்த படத்தில் ஒரு பெரியவர் வானத்தைப் பார்த்துச் சொல்கிறார்: "இந்தா வாரேன்னு வந்தா, ஏமாத்திப்புட்டா." மழையைத்தான் சொல்கிறார். முதல் சப்டைட்டிலில் இதற்கு இருந்தது, 'இந்த ஆண்டு மழை பெய்யவில்லை' என்ற பொருள்படும் ஒரு ஆங்கில வரி. வானிலை அறிக்கை! பெரியவரின் கோபம், செல்லம், அந்த 'அவ' எல்லாம் போயே போய்விட்டது. அந்தப் படியைத்தான் ஒரு வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பினோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேர்வுக்குழுமேல் வருத்தமில்லை, அவர்கள் பார்த்தது வேறு படம்.

உறவுமுறை இன்னும் பெரிய தொல்லை. நாத்தனார், ஓரகத்தி, மதினி, கொழுந்தியாள் நால்வருக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். பங்கு பிரிப்பதைப் பற்றிய படத்தில் நாத்தனாரும் ஓரகத்தியும் மோதும் காட்சி, சப்டைட்டிலில் ஒரே ஆள் தன்னோடு தானே சண்டை போடுவதாகிவிடும். இங்கே உறவுச் சொல்லை விட்டுவிட்டுப் பெயரைப் போடுங்கள்; யார் யாருக்கு என்ன உறவு என்பதைப் படத்தின் முதல் பத்து நிமிடத்தில் ஒரு வரியில் நிறுவிவிடுங்கள். பெரிய ஓடிடி நிறுவனங்களின் கணக்கு வரிக்கு 42 எழுத்து, அதிகம் போனால் இரண்டு வரி. நம் கிராமத்துப் பேச்சு ஓடும் வேகத்துக்கு இது கோவணத் துணி. எதை விடுவது என்று தீர்மானிக்க எடிட்டரும் இயக்குநரும் கூட இருக்க வேண்டும். மச்சானிடம் விட முடியாது.

இன்னொன்று. மரியாதைப் பன்மை. நம் படங்களில் பாதி நாடகம், 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர் 'நீ' என்று இறங்கும் அந்தக் கணத்தில் இருக்கிறது. தோட்டக்காரரிடம் கூலி கேட்கப் போனவர் வாசலில் ஒன்று சொல்வார், தெருவுக்கு வந்து ஒன்று சொல்வார். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஜெர்மனில் 'ஸீ' என்றும் 'டு' என்றும் இரண்டு இருக்கின்றன. தமிழிலிருந்து நேரே ஜெர்மனுக்குப் போனால் அந்த இறக்கம் அப்படியே போய்ச் சேரும். நாமோ முதலில் ஆங்கிலத்தில் அதைக் கொன்று, அந்தச் சடலத்திலிருந்து ஜெர்மன் செய்யச் சொல்கிறோம்.

நேரே மொழிபெயர்க்க ஆள் இல்லையா? இருக்கிறார்கள். ஜெர்மனியில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் வீட்டு மொழி. 'சர்வதேசப் பார்வையாளர்' என்று நாம் பேசும் போது ஏனோ வெள்ளைக்கார முகம்தான் மனதில் வருகிறது. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாக் கூட்டம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. அவர்கள் எளிய பார்வையாளர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' 2017இல் கான் விழா வரை போனது. அதோடு கடுமையாகச் சண்டை பிடித்தவர்கள் புலம்பெயர் தமிழர்களே. சண்டை பிடிக்கும் பார்வையாளர் கிடைப்பது எவ்வளவு பெரிய கொடை என்பது காலி நாற்காலிகளுக்குப் படம் காட்டியவர்களுக்குத் தெரியும்.

'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். முதுமலை தெப்பக்காட்டில் எடுக்கப்பட்டது, பேச்சு பெரும்பாலும் தமிழ், 2023இல் ஆஸ்கர். மகிழ்ச்சிதான். ஆனால் அது போன பாதை நெட்ஃபிளிக்ஸின் பாதை. அந்தப் பாதையில் நாளை உங்கள் பூப்பறிப்புப் படம் போக முடியாது. ஒரு யானைக்குட்டி ஓடிய தடத்தைப் பார்த்து எல்லோரும் யானை தேடக் கிளம்பினால் நமக்குக் கிடைப்பது பத்து யானைப் படம். வெளிநாட்டு நிதி மன்றங்களில் பிட்ச் செய்யப் போகும் இளைஞர்களிடம் நான் பார்க்கும் கோளாறும் இதுவே. அங்கே என்ன எடுபடும் என்று ஊகித்து, மலமள்ளும் தொழில், யானை, விதவை என்று விஷயத்தை முதலில் தேர்ந்துவிட்டு, பிறகு ஊரைத் தேடுகிறார்கள். அமுதனின் 'பீ' 2003இல் மதுரைத் தெரு ஒன்றில் ஒரு பெண்ணின் பின்னாலேயே நடந்தது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017இல் திரையிடல்கள் தடுக்கப்பட்டு யூடியூபில் ஊருக்கெல்லாம் போனது. இரண்டும் யாருக்கு எரிய வேண்டுமோ அவர்களை நோக்கி எடுக்கப்பட்டவை. ஷ்பெத்தும் ஸ்டாட்டாலெண்டோர்ஃபைத் திண்டுக்கல்காரனுக்காகச் சுருக்கவில்லை. சுருக்கியிருந்தால், தொலைக்காட்சிக்குப் பிடித்த 52 நிமிடத்தில் ஒரு 'உற்சாகமூட்டும் ஆசிரியர்' கிடைத்திருப்பார். அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே ஊரைக் குறைக்காதீர்கள். தூக்கிச் செல்லும் கூலியைக் கூட்டுங்கள். பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கைப் படம் முடிந்த பிறகான வேலைக்கு முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும், கேமரா வாடகையைப் போல. பேசியதைப் பேசியபடியே எழுதிய தமிழ்ப் பிரதி, நேரக் குறிப்போடு. நல்ல ஸ்டில் ஐந்தாறு. படப்பிடிப்பில் எடுக்காமல் விட்டால் பிறகு ஃப்ரேமைப் பிடுங்கித்தான் அனுப்ப வேண்டிவரும், அச்சுக்கு நிற்காது. இசை உரிமைச் சீட்டு. எழுத்தில்லாத சுத்தமான மாஸ்டர், இரண்டு ஊரில் இரண்டு ஹார்ட் டிஸ்க். முதல் திரையிடலை எங்கே கொடுப்பது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். ஏதோ ஒரு இணைய விழாவுக்குக் கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்கிவிட்டு, பெரிய விழா 'உலக முதல் காட்சியா?' என்று கேட்கும் போது விழிக்கிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

1998 முதல் மதுரையில் ஆவணப்பட விழா நடக்கிறது. மும்பை விழாவில் 2024இல் ஆவணப்படச் சந்தையும் தொடங்கிவிட்டது. அங்கே ஜெர்மன் சங்கம் போல ஒரு மேசை, அதன்மேல் தமிழ் ஆவணப்படங்களின் பட்டியல் ஒன்று என்பது நம் சக்திக்கு உட்பட்டதுதான். இந்த இதழ் அதைத் தொகுக்கத் தொடங்குகிறது. படத்தின் பெயர், ஓட்டம், ஆண்டு, சப்டைட்டில் மொழிகள், படி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள். விமர்சனம், பாராட்டு எதுவும் வேண்டாம்.

எங்கள் பெரியவரின் வரியை ஜெர்மனில் போட்டுத் தரச் சொல்லி அங்கே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு எழுதியிருந்தோம். மூன்று வழி அனுப்பியிருக்கிறார். மூன்றிலும் ஒரு சிக்கல் இருப்பதாகக் குறிப்பும் வைத்திருக்கிறார்: ஜெர்மனில் மழை ஆண்பால். 'வாரேன்னு வந்தா' என்று ஏமாற்றிப் போகிறவளை அவரால் 'அவன்' ஆக்க மனம் வரவில்லையாம். மேகம் அங்கே பெண்பால்தான், மேகத்தைத் திட்டுவதாக மாற்றலாமா என்று கேட்கிறார். பெரியவரிடம் கேட்டுவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும்.