எந்தத் தப்பு பரவாயில்லை?

அனலாக் கலர் டிவி பாடத்தை சிலபஸ்ல இருந்து தூக்கிடலாம்னு நம்ம டிபார்ட்மென்ட்ல பல பேர் சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை. நம்ம ப்ராஜெக்டுகளுக்குத் தேவையான ஒரு கேள்வி அந்தப் பாடத்துலதான் இருக்கு.

1953-ல் அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி கலர் முறைக்கு அனுமதி கிடைத்தது. பழைய கறுப்பு-வெள்ளை டிவியிலும் நிகழ்ச்சி தெரிய வேண்டுமே! அதனால் அதே 6 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்குள் கலரையும் 3.58 மெகாஹெர்ட்ஸ் துணை அலையில் ஏற்றி அனுப்பினார்கள். வெளிச்சமும் கலரும் கலந்தே வரும். டிவி சரியாகப் பிரிக்கவில்லை என்றால், கோடு போட்ட சட்டையில் இல்லாத வானவில் மின்னும்.

பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களில் கலர் அலையின் ஃபேஸ் நேர் எதிராக இருக்கும். இரண்டையும் கூட்டினால் கலர் கேன்சல் ஆகி வெளிச்சம் மிஞ்சும். கழித்தால் கலர் மிஞ்சும். ஆனா படம் அசையாம இருந்தால்தான் இது சரிவரும். அசையும் இடத்தில், ஒரே ஃப்ரேமின் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எந்த இடம் அசையுது என்று சொல்வதுதான் மோஷன் டிடெக்டரின் வேலை.

அது ரெண்டு விதமா தப்பு பண்ணலாம். நிற்கிறதை அசையுதுன்னு சொன்னா, படத்தின் கூர்மை கொஞ்சம் குறையும். அசையுறதை நிற்குதுன்னு சொன்னா, ஓடுற ஆளுக்குப் பின்னாடி பேய் மாதிரி இன்னொரு உருவம் தெரியும். ரெண்டாவதுதான் கண்ணை உறுத்தும். அதனால சந்தேகம் வந்தா 'அசையுது' பக்கம் சாய்வதுதான் நல்ல டிசைன். ஆமா-இல்லைன்னு வெட்டாம, அசைவின் அளவுக்கு ஏற்ப ரெண்டு முறையையும் கலந்து கொடுப்பதும் உண்டு.

நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூல என்ன நடக்குது? ஒரு அக்யூரசி எண்ணைக் காட்டுறோம், முடிஞ்சுது. கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸும் போடுறோமேன்னு கேட்கலாம். போடுறோம். ஆனா அதுல எந்தக் கட்டத்தைக் குறைக்கணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணோமா? தாத்தா கீழே விழுந்ததைக் கண்டுபிடிக்கிற சிஸ்டத்துல, சும்மா அலாரம் அடிச்சா எரிச்சல். விழுந்தும் அடிக்கலைன்னா உயிரே போகலாம். ரெண்டுக்கும் ஒரே மார்க்கா?

இந்த செமஸ்டர் ரிவ்யூல எல்லா டீமும் ஒரு ஸ்லைடு சேர்க்கணும்: "எங்க சிஸ்டம் தப்பு பண்ணினா எந்தப் பக்கம் பண்ணும், ஏன்?" பதில் இல்லைன்னா, டிசைன் இன்னும் முடியலைன்னு அர்த்தம்.