எரிபொருள் மாறட்டும், சுமை யார் தலையில்?

ஜப்பான்காரன் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரை மலாயாவில் பெட்ரோல் கிடைப்பது அரிதாகிவிட்டது. அப்பொழுது பஸ்ஸும் லாரியும் கரியில் ஓடிய கதையை நம் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். வண்டியின் பின்புறம் ஓர் இரும்பு உலை இருக்கும். அதில் அடுப்புக்கரியை மூட்டி, காற்றை அளவோடு விட்டால் எரியும் வாயு பிறக்கும். அதைக் குழாய் வழியே எஞ்சினுக்கு அனுப்பினார்கள். வண்டி ஓடியது உண்மை. ஆனால் எஞ்சினின் வலு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்த வாயுவில் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு நச்சும் இருந்தது. விடியுமுன் எழுந்து உலை மூட்டியவன், சாம்பல் அள்ளியவன், அந்த நச்சுக்கு அருகில் நின்றவன் யார்? டிரைவரும் கிளீனரும்தான். முதலாளி அல்ல.

அது யுத்தகாலம், வேறு வழியில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் சமாதான காலத்தில், நம் கண் முன்னே நடந்த இன்னொரு மாற்றத்தையும் பார்ப்போம். பெட்ரோல் காரை இயற்கை எரிவாயுவில் ஓடச் செய்யும் என்.ஜி.வி. திட்டத்தைத்தான் சொல்கிறோம். நம் நாட்டில் கிடைக்கும் வாயு, விலையோ பெட்ரோல் விலையில் ஏறக்குறைய பாதி, புகையும் குறைவு. இப்படியெல்லாம் எடுத்துச் சொல்லப்பட்டது. சாலை வரியில் கழிவும் கிடைத்தது. சொன்னதில் பொய்யில்லை. ஆகவேதான் டாக்சிக்காரர்கள் நம்பினார்கள்.

காரை மாற்றுவது பெரிய வித்தை அல்ல. எஞ்சினைக் கழற்ற வேண்டியதில்லை. பின்பெட்டியில் கனமான இரும்புத் தொட்டி ஒன்றைப் பூட்டுவார்கள். அதில் வாயு 200 மடங்கு காற்றழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அந்த அழுத்தத்தைத் தணிக்க ஒரு கருவி, வாயுவைக் காற்றோடு சேர்க்க ஒரு கருவி, பெட்ரோலுக்கும் வாயுவுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு விசை. இவ்வளவுதான். ஆனால் பின்பெட்டியில் பயணியின் சாமானுக்கு இடம் போய்விடும். வலுவும் சற்றுக் குறையும். ஒரு தொட்டி வாயு நெடுந்தூரம் வராது; அடிக்கடி நிரப்ப வேண்டும். நிரப்பும் நிலையங்களோ பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான். தோட்டப்புறத்தில் இருப்பவனுக்கு அது எட்டாக்கனி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருவிகளுக்கும் பூட்டும் கூலிக்கும் 4,000 வெள்ளி, லிட்டருக்கு ஒரு வெள்ளி மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20 லிட்டர் செலவழித்து மாதம் 25 நாள் ஓடும் டாக்சிக்காரருக்கு மாதம் 500 வெள்ளி மிச்சம். எட்டே மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். ஆனால் வேலைக்குப் போய்வர மட்டும் மாதம் 100 லிட்டர் ஓட்டுகிறவருக்கு 40 மாதம் ஆகும். வரிசையில் காத்து நிற்கும் நேரத்திற்குக் கூலி போட்டால் கணக்கு இன்னும் நீளும். ஆகவே எல்லாருக்கும் ஒரே புத்திமதி பொருந்தாது.

எங்கள் தோட்டத்தில் பிறந்து, பட்டணத்திற்குப் போய் டாக்சி ஓட்டிய நண்பர் ஒருவர் உண்டு. 2006இல் தொட்டி பூட்டினார். கார் மாறியபொழுதும் அதே தொட்டியைக் கழற்றிப் புதுக் காரில் மாட்டிக்கொண்டார். தொட்டிக்குப் பாதுகாப்பான ஆயுள் 15 ஆண்டு என்பது விதி. 2021இல் ஆயுள் முடிந்ததும், பழையதையே வைத்து ஓட்டாமல், கடன் வாங்கிப் புதுத் தொட்டி போட்டார். அந்தக் கடன் மனுவை எழுதிக் கொடுத்தது நாம்தான். “பின்னால் உட்காருகிறவன் உயிர் என் கையில் இருக்கிறது, கிராணியார்” என்று அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 2025 ஜூலை முதல் தேதியோடு என்.ஜி.வி. முடிவுக்கு வந்தது. வாயு விற்பனை நின்றது. அந்த வண்டிகளுக்குச் சாலை வரியும் இல்லை என்றாயிற்று. நாட்டில் எஞ்சியிருந்த அத்தகைய வண்டிகள் ஏறக்குறைய 44,000. பழைய தொட்டிகள் வெடிக்கும் அபாயம் உண்டு என்பதே அரசாங்கம் கூறிய காரணம். நண்பரின் தொட்டிக்கோ இன்னும் 11 ஆண்டு ஆயுள் மீதி இருந்தது. விதியை மீறிப் பழைய தொட்டியோடு ஓடியவன் ஒன்றும் இழக்கவில்லை. விதியை மதித்துப் புதுத்தொட்டி போட்டவன்தான் நஷ்டப்பட்டான்! இது என்ன நியாயம்?

நம்மைத் தவறாக எண்ண வேண்டாம். பழுதான தொட்டி ஓடும் வெடிகுண்டு. அதைச் சாலையிலிருந்து அகற்றியது சரியே. உயிரைவிடக் காசு பெரிதென்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். சில உதவிகள் அறிவிக்கப்பட்டதையும் மறைக்கவில்லை. நாம் கேட்பது வேறு. ஒரு திட்டத்தைத் தொடங்கும்பொழுது மேளம் கொட்டி அழைத்தவர்கள், அதை முடிக்கும்பொழுது யார் எவ்வளவு தாங்குவது என்பதை முதல் நாளே எழுதி வைத்தார்களா?

இப்பொழுது மின்சார வண்டி வருகிறது. வரட்டும், நல்லதுதான். எண்ணெய் என்றைக்கும் ஊறிக்கொண்டே இருக்கப்போவதில்லை. ஆனால் தொட்டிக்கு ஆயுள் இருந்ததுபோல் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. வாயு நிலையம் தோட்டத்திற்கு வராததுபோல் மின்னேற்று நிலையமும் வராமல் போகலாம். ஆகவே நாம் சொல்வது இது. எரிபொருளை மாற்றச் சொல்கிறவர்கள், அது எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கெடுவுக்கு முன் நிறுத்தினால், கருவியின் மீதி ஆயுளுக்குரிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்தத் தொழிலை நம்பிய பட்டறைத் தொழிலாளிக்குப் புதுத் தொழில் கற்றுத்தர வேண்டும். தோட்டப்புறத்தையும் வரைபடத்தில் சேர்க்க வேண்டும்.

தொழிலாளத் தோழர்களே! புதியதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆனால் ஆழம் பார்த்தே காலை வைக்க வேண்டும். கடன் தாளில் கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: மாதம் எவ்வளவு மிஞ்சும்? எத்தனை மாதத்தில் முதல் திரும்பும்? நாளை இதை நிறுத்தினால் நஷ்டம் யாருடையது? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால், தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள், சங்கத்திற்கு வாருங்கள். ஒருவர் கேட்டால் அது புலம்பல். எல்லாரும் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை.

நண்பர் இப்பொழுது பெட்ரோலில் ஓட்டுகிறார். புதுத் தொட்டி வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. கடனில் கடைசித் தவணை இன்னும் பாக்கி.