படலத்தின் மேல் ஒட்டாதீர்கள்

"அலுமினியம் துருப்பிடிக்காது, அப்படியே ஒட்டலாம்." மலையகத்தில் பால் கேன் வெடித்தாலும் லொறிப் பெட்டி பிளந்தாலும் கேட்கிற பேச்சு இது. துணியால் ஒரு துடை, உடனே வெல்டிங். பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் பிழைத்திருக்கிறது.

அலுமினியம் காற்றுப் பட்டவுடனே மெல்லிய ஒக்சைட்டுப் படலத்தைப் போர்த்துக்கொள்கிறது. உள்ளே அரிப்பு இறங்காமல் தடுப்பது அதுதான். ஆனால் அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். அந்தப் படலம் உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். கரண்டைக் கூட்டினால் தகடுதான் ஓட்டையாகும். கிழிந்த படலத் துண்டுகள் உருகிய உலோகத்தைவிடக் கனமானவை. மிதந்து வெளியேறாமல் ஒட்டுக்குள்ளேயே தங்கிவிடும். மேலே அழகான வரி தெரியும், உள்ளே இரண்டு விளிம்பும் சேர்ந்திருக்காது.

மக்னீசியம் கலந்த தகட்டில் நிலைமை இன்னும் மோசம். படகுகளுக்கும் டாங்கிகளுக்கும் பயன்படும் 5083 கலவையில் 4 வீதத்துக்கு மேல் மக்னீசியம் உண்டு. சூடேறும்போது அது மேற்பரப்புக்கு வந்து எரிந்து படலத்தைத் தடிப்பாக்குகிறது. மக்னீசியம் ஒக்சைட்டு 2,800 பாகையிலும் உருகாது.

இதோடு நுவரெலியாவின் ஈரம். 1,800 மீற்றருக்கு மேலுள்ள ஊரில், குளிரில் கிடந்த தகட்டைச் சூடான பட்டறைக்குள் கொண்டுவந்தால் வியர்த்துவிடும். படலம் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெல்டிங் சூட்டில் நீர் பிரிந்து ஐதரசன் உருகிய உலோகத்தில் கரைகிறது. இறுகும் உலோகத்தில் அதற்கு இடமில்லை, குமிழியாகச் சிக்கிக்கொள்கிறது. பால் கேனில் குமிழி மேற்பரப்பைத் தொட்டால் பால் அதற்குள் புகுந்து புளிக்கும், எந்தக் கழுவலும் எட்டாது.

"ஏசி கரண்டில் டிக் வெல்டிங் செய்தால் படலம் தானே உடையும்" என்பார்கள். மெல்லிய படலம் உடையும், மறுக்கவில்லை. நனைந்து தடித்ததும், எண்ணெய் ஊறியதும், இரு தகடுகளும் முட்டும் உள்விளிம்பில் ஒளிந்திருப்பதும் உடையாது. உலோகம் நனைந்திருந்தால் ஆர்கன் வாயுவும் காப்பாற்றாது.

முதலில் எண்ணெயை அசிட்டோனால் நீக்கி, உலர விட வேண்டும். பிறகுதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ். வரிசை மாறினால் எண்ணெய் உலோகத்துக்குள்ளேயே தேய்க்கப்படும். இரும்பில் பாவித்த பிரஷ் வேண்டவே வேண்டாம். நிரப்புக் கம்பியின் மேலும் அதே படலம் இருக்கிறது, அதையும் துடையுங்கள். அன்றைக்கே ஒட்டுங்கள். சந்தேகமென்றால் அதே தகட்டில் ஒரு துண்டை ஒட்டி, ஒட்டிலேயே முறித்துப் பாருங்கள். குமிழிகளோ கறுத்த படலத் துண்டுகளோ இருந்தால் முறிந்த முகத்தில் தெரியும்.