பாலுக்குக் கணக்கு உண்டு. மசோதாவுக்குக் கணக்கு எங்கே?



தராசில் பால் ஏறும்போது நம் கண் எங்கே இருக்கிறது? முள்ளின்மேல் இருக்கிறது. அரைக் கிலோ குறைந்தாலும், "கிராணி ஐயா, இன்னொரு தரம் நிறுத்துப் பாருங்கள்" என்று கேட்கத் தயங்குவதில்லை. கிராணியும் அப்படித்தான். செக்ரோலில் ஒரு பெயர் விட்டுப்போனால் துரைக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று வரிக்கு வரி விரல் வைத்துப் பார்க்கிறார்.

நல்லது. ஆனால் நாம் எத்தனை மணி நேரம் உழைப்பது, எத்தனை நாள் லீவு, எப்படிப்பட்ட கூரையின்கீழ் படுப்பது என்பதையெல்லாம் நிறுக்கும் பெரிய தராசு ஒன்று பாராளுமன்றத்தில் இருக்கிறதே, அதன் முள்ளைப் பார்ப்பவர் யார்?

நம் பிரதிநிதியை நாம் எதைக் கொண்டு எடை போடுகிறோம்? தைப்பூசத்துக்கு வந்தாரா? தீபாவளிக்கு அரிசி கொடுத்தாரா? நம் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டாரா? வந்தவரை வரவேற்பது நம் பண்பு. அதில் குறை இல்லை. ஆனால் மாலை போட்ட கழுத்தைப் பார்க்கிறோமே ஒழிய, மசோதா வந்த அன்று அந்தக் கை உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று பார்க்கிறோமா?

ஜூரோங் சொல்லும் பாடம்

ஜூரோங்கைப் பாருங்கள். இன்று அங்கே கப்பல் பட்டறையும் தொழிற்சாலையும் நிற்கின்றன. ஒரு காலத்தில் அது பால்மரக் காடு. பஜாவ், லோக்யாங், யுன்னான் என்று தோட்டப் பெயர்கள் வழங்கிய மண் அது. 1961-ல் தொழிற்பேட்டை வேலை தொடங்கியது. 1968 ஜூன் 1-ல் ஜூரோங் நகராண்மைக் கழகம் பிறந்தது.

அதே 1968-ல் இன்னொன்றும் பிறந்தது. ஆகஸ்டு 15-ல் வேலை நியமனச் சட்டம் அமலுக்கு வந்தது. 1955-ன் தொழிலாளர் சட்டம், 1957-ன் குமாஸ்தாக்கள் சட்டம், அதே ஆண்டின் கடைச் சிப்பந்திகள் சட்டம் ஆகிய மூன்றும் போய், அவற்றின் இடத்தில் இந்த ஒன்று வந்தது. வாரத்துக்கு 44 மணி நேர வேலை. மூன்று ஆண்டு வேலை செய்யாதவனுக்கு ஆட்குறைப்பு நட்டஈடு கேட்க வழியில்லை. அதே ஆண்டில் பொது விடுமுறை நாட்கள் 15-லிருந்து 11 ஆகக் குறைந்தன. கூடவே தொழில் உறவுச் சட்டத்துக்கும் ஒரு திருத்தம் வந்தது. ஆளை எடுப்பது, நீக்குவது, மாற்றுவது, உயர்த்துவது எல்லாம் முதலாளியின் உரிமை, சங்கம் பேரம் பேசும் விஷயமல்ல என்று அது சொன்னது.

அப்போது சபையில் யார் இருந்தார்கள்? பாரிசான் சோசியலிஸ் அங்கத்தினர்கள் 1966-லேயே வெளியேறியிருந்தனர். 1968 ஏப்ரல் தேர்தலில் 58 இடங்களும் ஒரே கட்சிக்குப் போயின. அவற்றில் 51 இடங்களில் போட்டியே இல்லை. தொழிலமைச்சராக இருந்தவர் எஸ். ராஜரத்தினம், நம் தமிழர். நம்மவர் நாற்காலியில் இருக்கிறார் என்பது மட்டும் நமக்குக் காப்பாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சர்க்கார் பக்கத்து வாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிரிட்டிஷ் படை வெளியேறப் போகிறது என்று 1968 ஜனவரியில் அறிவிப்பு வந்துவிட்டது. மூலதனம் வர வேண்டும், வேலை வேண்டும் என்றார்கள். ஜூரோங்கில் வேலையும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் விலை கொடுப்பவனுக்கு விலை என்னவென்று முன்கூட்டித் தெரிய வேண்டாமா? சாமான் வீட்டுக்கு வந்த பிறகா ரசீதைக் காட்டுவது?

ஓர் எண்ணில் நம் வாழ்வு

மசோதா என்றால் வக்கீல் சமாசாரம் என்று ஒதுங்குகிறோம். அதில் ஒளிந்திருப்பது பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான்.

அயல்நாட்டுத் தொழிலாளர் விடுதிச் சட்டம் 2015-ல் நிறைவேறியது. எந்த விடுதிக்கு? 1000 பேரும் அதற்கு மேலும் தங்கும் விடுதிக்கு. 999 பேர் படுக்கும் விடுதிக்கு அந்த லைசென்சு இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனா நோய் விடுதிகளுக்குள் புகுந்தது. ஜூரோங் கிழக்கில் டோ குவான் விடுதி அடைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் உள்ளேயே கிடந்தனர். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த 1000 என்ற எண் 7 ஆகியது. ஏழு படுக்கை இருந்தாலே சட்டம் பாயும். இந்த எண்ணை 2015-லேயே தட்டிக் கேட்டிருக்க வேண்டாமா? அங்கே படுத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு உள்ளவன் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

குமாஸ்தா தோழருக்கும் ஓர் எண் உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் வேலை நேரம், ஓய்வு நாள், ஓவர்டைம் பாதுகாப்பு அவருக்கு 2,600 வெள்ளிச் சம்பளம் வரையில்தான். உடலுழைப்பாளிக்கு 4,500 வரை. 2,601 வாங்கினால் ஓவர்டைம் கேட்கச் சட்டம் துணை நிற்காது. 2025 ஜனவரி 8-ல் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்தில் எண் 25. அதற்குக் குறைந்த ஆட்கள் உள்ள கம்பெனிக்கு முதலில் விலக்கு.

அங்கத்தினரால் என்ன ஆகும்?

"அமைச்சர் கொண்டுவருவதற்குத் தலையாட்டுவதைத் தவிர எங்கள் ஆள் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கிறார்கள். அமைச்சரல்லாத அங்கத்தினரும் மசோதா கொண்டுவரலாம். வால்டர் வூன் கொண்டுவந்த பெற்றோர் பராமரிப்பு மசோதா 1995-ல் சட்டமாயிற்று. அவர் தொகுதி இல்லாத நியமன அங்கத்தினர்! அதே ஆண்டு டாக்டர் கன்வல்ஜித் சொய்ன் குடும்ப வன்முறைக்கு எதிராக ஒரு மசோதா கொண்டுவந்தார். அது தோற்றது. ஆனால் அதன் கருத்துகள் பல 1996-ல் மாதர் சாசனத் திருத்தத்தில் இடம்பெற்றன. லூயிஸ் இங் 2020-ல் வனவிலங்குகளைக் காக்கும் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றினார். பெற்றோருக்கு ஒன்று, பெண்டிருக்கு ஒன்று, காட்டு விலங்குக்கு ஒன்று. எல்லாம் நல்ல காரியமே. கூலிக்காரனுக்கு ஒன்று எங்கே என்று கேட்பது குற்றமா?

தடைகள் உண்டு. பொதுப் பணத்தைச் செலவழிக்கும் மசோதாவை ஜனாதிபதியின் பரிந்துரை இன்றிக் கொண்டுவர முடியாது. கட்சிக் கொறடாவின் கட்டுப்பாடும் உண்டு. ஆனால் கேள்வி கேட்கத் தடை இல்லை. குழு நிலையில் திருத்தம் கேட்கத் தடை இல்லை. எதிர்ப்பு உண்டென்றால் அதைப் பதிவு செய்யச் சொல்லலாம். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். பெயர்வாரியாகப் பிரித்து எண்ணும்போதுதான் யார் எந்தப் பக்கம் என்று ஏட்டில் ஏறும். ஆகவே வாக்கை மட்டும் பார்த்தால் போதாது. பேச்சையும் பார்க்க வேண்டும். எத்தனை மசோதா என்று தலையெண்ணிப் பயனில்லை. எந்த மசோதா, எந்த விதி, யாருக்கு என்று பார்க்க வேண்டும்.

கிளைக்கு ஒரு நோட்டு

சிங்கப்பூர்ப் பாராளுமன்றத்தில் தமிழிலும் பேசலாம் என்று அரசியல் சாசனமே சொல்கிறது. ஆனால் மசோதா வருவதோ ஆங்கிலத்தில். இங்கேதான் குமாஸ்தா தோழரின் கடமை. துரையின் கணக்கை எழுதிய கை, தொழிலாளியின் கணக்கையும் எழுதட்டும்!

கிளைக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். மசோதாவின் பெயர், முதல் வாசிப்புத் தேதி, கொண்டுவந்தவர் யார், அதிலுள்ள எண் என்ன, இரண்டாம் வாசிப்பில் நம் அங்கத்தினர் பேசினாரா, என்ன திருத்தம் கேட்டார், எப்படி வாக்களித்தார், சட்டம் எந்தத் தேதியில் அமல். இந்த எட்டுக் கட்டங்கள் போதும். முதல் வாசிப்புக்கும் இரண்டாவதற்கும் இடையே உள்ள வாரங்கள்தான் நம் காலம். அப்போதே தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். அங்கத்தினருக்குக் கடிதம் போடுங்கள். நிறைவேறிய பிறகு கூட்டம் போட்டுக் கூவிப் பலன் என்ன?

ஜொகூரில் பால் வெட்டும் தோழருக்கும் இதே சொல்தான். மலேசியாவின் 446-ம் சட்டம் 1990-ல் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் வீட்டு வசதியின் தரத்தை வகுத்தது. 2019-ல் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. உங்கள் லயத்துக்கு அந்தத் தரம் வந்ததா என்று உங்கள் பிரதிநிதி எத்தனை முறை சபையில் கேட்டார்? நோட்டைத் திறந்து காட்டிவிட்டு ஓட்டுக் கேட்க வரச் சொல்லுங்கள்.

பால் நிறுக்கும் தராசைப் பார்க்கத் தெரிந்தவனுக்குச் சட்டம் நிறுக்கும் தராசைப் பார்க்கத் தெரியாதா? தெரியும். பார்க்கத் தொடங்குவோம், இந்தக் கூட்டத் தொடரிலேயே!