யாருக்கும் தேவைப்படாத ஒரு மணி நேரம்

லைங் தாயாவில் பசும்புல் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருக்கிறது, 18 குழிகளோடு. கோல்ஃப் வீரர் கேரி பிளேயர் வடிவமைத்த பன் லைங் மைதானம் அந்த ஊர் எல்லைக்குள்தான் வருகிறது. அதைச் சுற்றி வில்லாக்கள், ஒரு பெரிய ஆஸ்பத்திரி, வாசலில் காவலாளி. ஊரின் மற்ற பக்கங்களில் மூங்கில் தட்டி வீடுகள், தையல் தொழிற்சாலைகள், தொழிலாளிகள் ஒண்டிக்கொள்ளும் வாடகை அறைகள். 2014 கணக்கெடுப்பில் மியன்மாரிலேயே அதிக மக்கள் வாழும் டவுன்ஷிப் இதுதான்: ஏறக்குறைய 6,90,000 பேர்.

ரங்கூன் என்று நாம் அறிந்த யாங்கோனுக்கு மேற்கே, ஆற்றைத் தாண்டி, 1989-ல் ராணுவ அரசு உண்டாக்கிய ஊர். 1988 ஜனநாயக எழுச்சியை அடக்கிய மறு வருடம். நகரத்துக்குள் குடிசை போட்டிருந்தவர்களைக் கிளப்பிக் கொண்டுபோய் வெட்டவெளியில் குடியேற்றினார்கள். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நம்மிடமும் பட்டியல் இருக்கிறது. பிறகு தொழிற்பேட்டை வந்தது. 2008-ல் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைத் துடைத்துப் போட்டபின், அங்கிருந்து இன்னும் பல குடும்பங்கள் வேலை தேடி இங்கே வந்து சேர்ந்தன.

பர்மாவில் இருந்த எங்கள் குடும்பத்தில் பாதி 1964-ல் கப்பலேறித் திரும்பிவிட்டது, பாதி ரங்கூனிலேயே தங்கிவிட்டது. தங்கியவர்களில் சித்தப்பா மகன் ஒருவன் லைங் தாயாவில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறான். இந்த வாரப் பத்தி, இளைஞர்களை வகுப்பறைக்கு வெளியே கூட்டிப்போய்க் கற்றுக்கொடுக்கும் முகாம்களைப் பற்றியது என்று போனில் சொன்னேன். சிரித்தான். "அண்ணே, இங்க புள்ளைக வெளியில நாலு பேரா நின்னாலே அம்மாமார் உள்ள கூப்பிட்டுக்குறாங்க. நீங்க வெளியில படிக்கிறதப் பத்தி எழுதுறீங்களா?" என்றான். அவன் சிரிப்பை ஒதுக்கிவிட்டு எழுத மனம் வரவில்லை.

அந்த முகாம்களின் கதை நல்ல கதைதான். குர்ட் ஹான் என்ற ஜெர்மன் யூத ஆசிரியர் ஹிட்லரை எதிர்த்துப் பேசி 1933-ல் சிறைக்குப் போனார், வெளியே வந்து பிரிட்டனில் அடைக்கலமானார். போர்க்காலத்தில் கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டுக்கு ஒரு கவலை. கப்பல் மூழ்கியபின் உயிர்காப்புப் படகில் கிழட்டு மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், இளசுகள் மனம் தளர்ந்து செத்துப்போகிறார்கள். இருவரும் சேர்ந்து 1941-ல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டவி என்ற ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அவுட்வர்டு பவுண்டு அங்கே பிறந்தது. பையன்களைப் படகில் ஏற்றினார்கள், மலையில் விட்டார்கள், மீட்புப்பணி பழக்கினார்கள். ஹானின் நம்பிக்கை எளிமையானது: இன்றைய இளைஞன் யாருக்கும் தேவைப்படவில்லை, அதுதான் அவன் நோய். இன்னொருவர் உயிர் தன் கையில் இருக்கிறது என்று ஒருமுறை உணர்ந்துவிட்டால் நிமிர்ந்துவிடுவான்.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது பொருந்தும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஏசி அறை, ஏசி வேன், ஏசி டியூஷன் என்று போய்வரும் சென்னைப் பையன் ஏற்காட்டில் ஒரு ராத்திரி கூடாரத்தில் படுத்து, தானே சோறு பொங்கித் தின்றால் நல்லதுதான். பள்ளிகள் அனுப்பும் முகாம் அறிவிப்புகளில் 'கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வா' என்று தவறாமல் ஒரு வரி இருக்கும். லைங் தாயாவில் அந்த வரியை யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த முகாம்கள் எங்கே வளர்ந்தன என்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. எப்போதும் பக்கத்தில் ஒரு அரசாங்கத் தேவை நின்றிருக்கிறது. சிங்கப்பூரில் கோ கெங் சுவீ 1967-ல் உபின் தீவில் அவுட்வர்டு பவுண்டு பள்ளியைத் தொடங்கினார். கட்டாய ராணுவ சேவை வந்ததும் அதே வருடம்தான். அந்தப் பள்ளி நெடுங்காலம் பாதுகாப்பு அமைச்சின் கையில் இருந்தது. இன்று அங்கே உயர்நிலை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோரையும் ஐந்து நாள் முகாமுக்கு அனுப்பும் அளவுக்குத் திட்டம் விரிந்திருக்கிறது. பணக்காரப் பிள்ளையும் வாடகை அடுக்குமாடிப் பிள்ளையும் ஒரே படகில் துடுப்புப் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். பர்மாவில் நடந்தது வேறு. ராணுவத் தளபதி நே வினின் ஆட்சி 1964-ல் சாரணர் இயக்கத்தையே கலைத்தது. பின்னர் அந்த இடத்தில் ஆளும் கட்சியின் லன்சின் இளைஞர் அணி வந்தது. முகாம், அணிவகுப்பு எல்லாம் இருந்தன. யாருக்காக என்பது மாறிவிட்டது. சாரணர் மறுபடி தலைகாட்ட 2012 ஆயிற்று.

லைங் தாயாவின் இளைஞர்களுக்கு ஹான் சொன்ன நோய் கிடையாது. அவர்கள் எல்லோருக்கும் தேவைப்படுகிறார்கள், அதுவும் மிகச் சீக்கிரத்தில். சட்டப்படி 14 வயதில் வேலைக்குப் போகலாம். 16 வரை நாளுக்கு நான்கு மணி நேரம்தான் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. டெல்டா கிராமத்திலிருந்து வந்த பெண்பிள்ளை விடியுமுன் முகத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, 'ஃபெரி' என்று அங்கே அழைக்கப்படும் தொழிற்சாலை வண்டியில் நெருக்கிக்கொண்டு போய், ஐரோப்பாவின் குளிருக்கு ஜாக்கெட் தைக்கிறாள். குறைந்தபட்சக் கூலி 2018-ல் நாளுக்கு 4,800 சாட் என்று வைத்தார்கள். வரும் கூலியில் அறை வாடகை, சாப்பாடு போக மீதி ஊருக்கு. தம்பி படிப்பு, அப்பா மருந்து, கந்து வட்டி எல்லாம் அவளை நம்பி நிற்கின்றன. அவளிடம் போய்ப் பொறுப்புணர்வு வளர்க்கிறோம் என்றால் என்ன நினைப்பாள்?

அரசுக்கும் அவர்கள் வேண்டும். 2021 மார்ச் 14 அன்று லைங் தாயாவில், ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை எதிர்த்த ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது ராணுவமும் போலீசும் சுட்டதில் குறைந்தது 65 பேர் இறந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்தது. அன்றிரவே அங்கே ராணுவச் சட்டம். 2024 பிப்ரவரி 10-ல் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள்: ஆண்கள் 18 முதல் 35, பெண்கள் 18 முதல் 27. அங்கே கடை வைத்திருக்கும் என் தம்பியிடம் வந்துபோன பையன்களில் சிலர் இப்போது தாய்லாந்தில். தெருவில் விளையாடுவதற்கும் ஆள் பிடிப்பவர் கண்ணில் படுவதற்கும் நடுவே இடைவெளி குறைந்துபோன ஊரில், திறந்தவெளி மனதுக்கு நல்லது என்று எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

ஆனாலும் நல்லதுதான். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தகவலை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. வாரம் 120 நிமிடமாவது பூங்கா, ஆற்றங்கரை, காடு என்று கழிப்பவர்கள், அப்படிப் போகாதவர்களைவிடத் தங்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே மூச்சில் 120 நிமிடமா, பிய்த்துப் பிய்த்தா என்பது பொருட்டாக இல்லை. மலையேற்றமும் யாரும் கேட்கவில்லை. ஞாயிறு விடுமுறைக்குள் அடங்கிவிடும் கணக்கு அது.

அந்த ஞாயிறை நிரப்ப பர்மா மண்ணிடமே ஒன்று இருக்கிறது. சின்லோன். பிரம்பில் பின்னிய பந்து. பட்டால் கூடையைத் தட்டியது போலச் சத்தம் வரும். ஆறு பேர் வட்டமாக நிற்பார்கள், விதிப்படி வட்டத்தின் குறுக்களவு 22 அடி. கைலியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். கை படக்கூடாது. கால்விரல், பாதத்தின் உள்பக்கம், வெளிப்பக்கம், உள்ளங்கால், குதிகால், முழங்கால் என்று மாற்றி மாற்றித் தட்டிப் பந்தை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் நடுவில் வந்து வித்தை காட்டுவார், மற்ற ஐந்து பேரும் வட்டத்தில் நடந்துகொண்டே அவருக்குத் தோதாகப் பந்தை அனுப்புவார்கள். பந்து விழுந்தால் எடுத்து மறுபடி ஆரம்பம்.

எதிரணி கிடையாது. இது எனக்குப் புரியவே நாளாயிற்று. நம் ஊரில் கிட்டிப்புள்ளில்கூடத் தோற்றவன் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். சின்லோனில் வெல்வதற்கே ஆள் இல்லை. போட்டி வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு 1953-ல்தான் விதிமுறை எழுதினார்கள். 2013-ல் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியைத் தங்கள் நாட்டில் நடத்தியபோது அதற்குப் பதக்கமும் வைத்துக்கொண்டார்கள். தெருவில் ஆடுகிறவர்களுக்கு அந்த விவகாரம் ஒட்டவில்லை. ஒருவன் தப்பாகத் தட்டிய பந்தை அடுத்தவன் குதிகாலால் மீட்டுக் கொடுக்கும்போது, ஹான் படகிலும் மலையிலும் தேடியது மொத்தமும் 22 அடிக்குள் நடந்துவிடுகிறது. ஒன்றே ஒன்றைத் தவிர: அங்கே யார் உயிரும் யார் கையிலும் இல்லை. நாளெல்லாம் மணிக்கு இத்தனை சட்டை என்று எண்ணப்படுகிறவர்களுக்கு, எண்ணிக்கையே இல்லாத ஒரு மணி நேரம் மருந்து மாதிரி என்று நான் நினைக்கிறேன்.

இதை ஊதிப் பெரிதாக்கவும் கூடாது. சின்லோன் பெண்களும் ஆடுவதுதான், சிறந்த ஆட்டக்காரிகள் உண்டு. ஆனால் சந்துமுனை வட்டத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் பையன்கள். ஜாக்கெட் தைக்கும் பெண்பிள்ளைக்கு ஞாயிறு என்றால் ஒரு வாரத் துணி துவைப்பது, தண்ணீர் பிடிப்பது, தூங்குவது. கழிப்பறை இல்லாத மைதானத்துக்கு அவள் வரமாட்டாள். வெளிச்சம் இல்லாத மைதானத்துக்கு அவளை யாரும் அனுப்பவும் மாட்டார்கள். மைதானமே எங்கே என்ற கேள்வி அதற்கும் முன்னால் நிற்கிறது. இத்தனை லட்சம் பேரைக் குடிவைத்த ஊரில், ஒழுங்காக நீர் ஊற்றிப் பராமரிக்கப்படும் மிகப் பெரிய புல்வெளி கோல்ஃப் பந்துக்கானது.

கண்ணகி நகரிலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். முதலமைச்சர் 25 லட்சம் கொடுத்தார், கேமராக்கள் வந்தன, ஊர்ப் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள் அதே பெயரைச் சேர்த்து அவரை வாழ்த்தினார்கள். கண் நிறைந்தது. கூடவே ஒரு எரிச்சலும் வந்தது. நல்ல ஆடுகளம் வேண்டும் என்ற பேச்சு பலர் காதில் ஏற ஒரு தங்கம் தேவைப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணோடு சேர்ந்து ஆடி, எந்த அணிக்கும் தேர்வாகாமல், இப்போது ஏதோ ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் அந்தக் களம் பாத்தியப்பட்டதுதானே? அவள் என்ன ஜெயித்துக் காட்ட வேண்டும்?

யாராவது பணத்தோடு வந்து லைங் தாயாப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டால், தம்பியிடமும் பேசிவிட்டு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். காட்டுக்குக் கூட்டிப் போக வேண்டாம், பஸ் ஏறினால் வழியில் சோதனைச் சாவடி. நடந்துபோகும் தூரத்தில், மதில் உள்ள ஒரு மடத்து முற்றமோ பள்ளி முற்றமோ போதும். தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த, கூலி கொடுத்து அமர்த்திய ஒரு அக்கா நாள் முழுக்க அங்கே இருக்க வேண்டும். பத்துப் பிரம்புப் பந்து. தலைமைப்பண்புப் பயிற்சி, சான்றிதழ் எதுவும் வேண்டாம். தூங்க வருகிறவர்களைத் தூங்க விடலாம். வந்தவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதக்கூடாது.

போட்டோவும் எடுக்கக்கூடாது. முகம் தெரிகிற ஒரு படம் யார் கைக்குப் போகும் என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. படம் இல்லாமல் நன்கொடையாளருக்கு எப்படி அறிக்கை அனுப்புவது என்று கேட்பார்கள். அது அறிக்கை எழுதுகிறவர்கள் பாடு.